வினோதினிக்கு ஒரு வரி

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகையில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி வழி கேட்டால் செம்மங்குப்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. சபாபதி பள்ளிக்கூடம் என்றால் உடனே கைகாட்டிவிடுவார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், கம்பெனிகளெல்லாம் முடிந்து முந்திரித்தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில், எல்.கே.ஜி.யிலிருந்து பத்தாவது வரைக்கும் நடத்துகிற சின்னப் பள்ளி. அங்கே நான் அறிவியல் டீச்சர். பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து போகிறேன். வந்து போய்க்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு இன்னும் பழகவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஏப்ரலில் கடைசி வேலைநாளன்று பெற்றோர்களைக் கூப்பிட்டுத் தகரக் கொட்டகையில் உட்காரவைத்து, பள்ளியை நடத்துகிற சபாபதி சார் ‘வருஷச் சேதி’ வாசிப்பார். யார் புதிதாகச் சேர்ந்தார்கள், யார் விட்டுப் போனார்கள், எந்தச் சுவர் விழுந்தது, எதைக் கட்டினோம், எல்லாம் அதில் வரும். அதுவரைக்கும் ஜனங்கள் விசிறிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் இருப்பார்கள். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால் பள்ளியில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வரும், பெயருக்குப் பின்னால் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு நல்ல வரி வரும். அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். சவுதியில் தம்மாமிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற அப்பன்மார்கள் தங்கள் பிள்ளையின் வரியை மட்டும் வெட்டியெடுத்து வருஷம் முழுக்க ஸ்டேட்டஸ் வைத்துக்கொள்வார்கள்.

இதில் ஒரே ஒரு சட்டம். மார்க் சொல்லக் கூடாது. ரேங்க் என்ற பேச்சே கூடாது. பள்ளி தொடங்கிய முதல் வருஷம் சார் ரேங்க் வாசித்தாராம். கடைசி ரேங்க் வாங்கிய பையனை அவன் அப்பன் அந்தக் கொட்டகையிலேயே பெல்ட்டைக் கழற்றி விளாசிவிட்டானாம். அன்றைக்குச் சார் போட்ட சட்டம் அது. என் கூட்டத்தில் ஒரு பிள்ளையும் தலை குனியக் கூடாது என்பார்.

வரிகளை எழுதுவது என் வேலை. லேசான வேலை என்று நினைக்காதீர்கள். பள்ளியிலேயே பெரிய வால் ஹாமித். அவனுக்கு ஒரு நல்ல வரி கிடைக்காமல் நான் அவன் பின்னாலேயே துப்பறிகிறவள் மாதிரி அலைந்தேன். கடைசியில் ஒரு நாள், சாப்பாடு கொண்டுவராத பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எனக்கு இன்னிக்குப் பசிக்கல, பாதி நீ தின்னு” என்று அவன் கூசாமல் பொய் சொன்னதைப் பார்த்தேன். ‘ஹாமித் பங்கு போட்டுத் தின்பான்’ என்று எழுதினேன். அவன் உம்மா கொட்டகையிலேயே தேம்பி அழுதாள். நான் இல்லாததை ஒரு நாளும் எழுதியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த வருஷச் சேதியில் முதல் சேதியே பள்ளியை மூடுகிறோம் என்பதுதான். ரோட்டை அகலப்படுத்தியதில் எங்கள் மைதானம் போய்விட்டது. மைதானம் இல்லாத பள்ளிக்கு அங்கீகாரத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். பிள்ளைகளும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். சார் ஏறாத படி இல்லை. மாசி மாதத்தில் ஒரு நாள் எங்களையெல்லாம் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, “முடியலம்மா” என்று மட்டும் சொன்னார்.

என் வேலை போவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வினோதினியின் விஷயம்.

வினோதினி எங்கள் வேன் டிரைவர் சடையப்பன் அண்ணனின் சின்ன மகள். பத்தாவது எழுதியிருந்தாள். அவளைப் போல ஒரு மாணவி எனக்கு வாய்த்ததில்லை, இனி வாய்க்கப் போவதும் இல்லை. மின்சுற்றுப் பாடம் நடத்தி முடித்த வாரம், மழை பெய்தால் மட்டும் வேன் ஹாரன் ஏன் தானாக அலறுகிறது என்று உட்கார்ந்து யோசித்து, தோல் உரிந்த வயரைக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொல்லி மாற்றவைத்தாள். புத்தகத்தில் இருப்பது வெளியிலும் நடக்கும் என்று நம்பிய ஒரே பிள்ளை அவள்தான். அவள் பதினோராவதில் அறிவியல் குரூப் எடுத்துப் படிக்க வேண்டும். கடலூரோ சிதம்பரமோ, அதற்குப் பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

சடையப்பன் அண்ணன் மாட்டேன் என்று நின்றார். அவருடைய மூத்த மகள் இசைவாணி சிதம்பரத்துக்குக் காலேஜ் போய்வந்தவள், பஸ்ஸில் பழகிய பையனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். நன்றாகத்தான் இருக்கிறாளாம். ஆனால் அவர் அவள் பெயரைச் சொல்வதில்லை.

“நம்ம ஸ்கூல்லயே லெவன்த் இருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன் டீச்சர்? எங்கண்ணு முன்னாடி வேன்லயே வந்துட்டுப் போவும். பஸ்ல மட்டும் அனுப்ப மாட்டேன். ஒருத்திய அனுப்பிட்டு நான் பட்டது போதும்” என்றார்.

“டிரைவரா இருந்துகிட்டு நீங்களே பஸ்ஸ பாத்து பயந்தா எப்படிண்ணே?”

“பஸ்ஸ பாத்து எவன் பயந்தான்? பஸ்ல வர்றவனுங்கள பாத்துத்தான் பயம்.”

ஹாஸ்டல் என்றேன். அதற்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

வருஷச் சேதி எழுத உட்கார்ந்தபோது எனக்கு அந்தக் கோபம் கையில் இருந்தது. ‘வினோதினி: இந்தப் பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு அறிவியல் மாணவி வந்ததில்லை. இவளைப் படிக்கவைக்காமல் விடுவது பாவம்’ என்று எழுதினேன். ஊர் முன்னால் வாசித்தால் மனிதர் எப்படி மறுக்கிறார் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

சபாபதி சார் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது ரேங்க் இல்லாம வேற என்னாம்மா?”

“மூடப்போற ஸ்கூலுக்கு எதுக்கு சார் ரூலு?”

“மூடுறப்பவாவது ஒழுங்கா மூடலாமே.”

“ஒரு பொண்ணோட வாழ்க்கை சார் இது.”

“பக்கத்துல அவ கிளாஸ் தேவநாதன் உக்காந்திருப்பான். அவன் அப்பன் அவன திரும்பிப் பாப்பான். அந்தப் பார்வைய நான் பாத்திருக்கேன் நஜியாம்மா. நீ பாக்கல.”

எனக்கு இந்த மனிதரிடம் பிடிக்காததே இதுதான். சண்டை போட நாம் தயாராக வந்திருக்கும்போது நியாயம் பேசிவிடுவார். சரி, மார்க் வேண்டாம், படிப்பே வேண்டாம், அந்த அப்பனை அழவைக்கிற மாதிரி ஒரு வரி எழுதுகிறேன் என்று வீம்பாகத் தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். அழுத மனிதனிடம் எதையும் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த வரிக்கு நான் கஷ்டப்படவில்லை. வேனில் கடைசி சீட்டு எல்.கே.ஜி. குழந்தைகளுக்கானது. ஜூன் மாதம் முழுக்க அந்த சீட்டு ஒப்பாரி வீடாக இருக்கும். நடுவில் வினோதினி உட்கார்ந்து ஒன்றை மடியிலும் ஒன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, பாட்டில் திறந்து கொடுத்துக்கொண்டே பக்கத்தில் புத்தகத்தையும் விரித்து வைத்திருப்பாள். ‘எந்தக் குழந்தை அழுதாலும் வினோதினியின் மடிக்கு வந்தால் அடங்கிவிடும். அவள் முகம் சுளித்து இத்தனை வருஷத்தில் ஒருவரும் பார்த்ததில்லை’ என்று எழுதினேன். வழக்கப்படி ஒரு வரிதான், இரண்டாகிவிட்டது. சார் வாசித்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்குதும்மா” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வருஷச் சேதி வாசித்த அன்றைக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. சார் மூடுகிற சேதியை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். பாதிப் பேருக்கு முன்பே தெரியும். ஆனாலும் அவர் வாயால் கேட்டதும் ஒருவரும் விசிறவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா, “அப்ப எங்க புள்ளைங்க எங்க சார் போவும்?” என்று கேட்டாள். சார் தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்.

வினோதினி பெயர் வந்தது. வரி முடியும் முன்பே சின்னப் பிள்ளைகளின் அம்மாக்கள் கைதட்டிவிட்டார்கள். ஒரு குழந்தை எழுந்து ஓடி அவள் காலைக் கட்டிக்கொண்டது. வேன் பக்கத்தில் நின்றிருந்த சடையப்பன் அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூத்தவள் போனதிலிருந்து அவர் மகள்களைப் பற்றி ஊரில் யாரும் நல்லவிதமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

நான் நேரே அவரிடம் போனேன்.

“சிதம்பரத்துல சேத்துடுங்கண்ணே. மொத மாசம் நானே அவகூட பஸ்ல போய்ட்டு வர்றேன். எனக்குத்தான் வேலை இல்லையே.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “ரிசல்ட் வரட்டும் டீச்சர், பாப்போம்” என்றார்.

அவர் வாயிலிருந்து ‘பாப்போம்’ வந்ததே எனக்குப் பெரிய விஷயம். வீட்டுக்குப் போய் தம்மாமில் இருக்கிற என் வீட்டுக்காரர் இம்தியாஸுக்கு போன் போட்டு விலாவாரியாகச் சொன்னேன். “ஒன் வேலையே போச்சு, நீ என்னாடான்னா யாரோ புள்ளைக்கு குதிக்கிற” என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வீடியோ போகாத இடமில்லை. மூடப்போகிற பள்ளியின் கடைசிச் சேதி என்பதால் எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினார்கள். பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருக்கிற முத்தம்மாளுக்கும் போய்ச் சேர்ந்தது. முத்தம்மாள், சடையப்பன் அண்ணனின் தங்கை.

ஒரு மதியம் வினோதினியின் அம்மா ரத்தினம்மாள் போன் செய்தார். “டீச்சர், கொஞ்சம் வூட்டுக்கு வந்துட்டுப் போங்களேன்.” குரல் சரியில்லை. நான் கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போனேன்.

வீட்டு வாசலிலேயே பலாப்பழ வாசனை. முத்தம்மாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். தட்டு நிறைய சுளையை என் மடியில் வைத்தார். நல்ல மனுஷி. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாகப் போயிற்று.

“நீங்க எழுதினதாமே டீச்சர்? நான் இதையே போட்டுப் போட்டுக் கேக்கறேன்” என்று போனை எடுத்தார். சபாபதி சார் குரல் வினோதினியின் வரியை வாசித்தது. கைதட்டல் கேட்டது. “எம்பொண்ணுக்கு ரெட்டக் கொழந்த. அவளுக்கு ஒடம்பு தேறல, எழுந்து நிக்கவே மாட்டேங்குறா. எனக்கு மண்டியில சீசன் வேலை ஜாஸ்தி. ஆளு வெச்சா ஒருத்தியும் நிலைக்க மாட்டேங்குறாளுங்க. கொழந்த கத்துனா இவளுங்களும் கத்துறாளுங்க. எங்கெங்கியோ தேடுனனே, எங்கண்ணன் வூட்லயே இப்புடி ஒரு தங்கம் இருக்குதே!”

“அவ படிக்கிற பொண்ணும்மா” என்றேன்.

“அப்புடியா? மொத்தத்தையும் கேட்டனே, படிப்ப பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே.”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். எங்கள் சட்டத்தை விளக்கினேன். மார்க் சொல்ல மாட்டோம், ரேங்க் சொல்ல மாட்டோம், பிள்ளைகள் மனசு நோகும் என்றேன். எனக்கே அது கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

“நல்லா படிக்கிற புள்ளைய நல்லா படிக்குதுன்னு சொன்னா யாருக்கு டீச்சர் நோவும்?” என்றார் முத்தம்மாள்.

சடையப்பன் அண்ணன் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேன வித்துட்டாங்க டீச்சர். தங்கச்சி அவுங்க மண்டியில லோடு வண்டி ஓட்டக் கூப்புடுது. நாங்க எல்லாருமே அங்க போயிடறோம். ஒரு வருஷம் போவட்டும். கொழந்தைங்க கொஞ்சம் வளந்துட்டா அப்புறம் படிக்க வெச்சிக்கலாம்.”

“ஒரு வருஷம் நின்னவ யாருண்ணே திரும்பப் படிச்சிருக்கா? ஒருத்திய காட்டுங்க.”

உள்ளே கதவருகில் ரத்தினம்மாள் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். “எனக்கும் அவ படிக்கணும்னுதான் டீச்சர். எம்பேச்சு எங்க எடுபடுது” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

வினோதினி சுவரோரம் உட்கார்ந்து பலாக்கொட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நீ சொல்லுடி. வாயத் தொறந்து படிக்கணும்னு சொல்லு” என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பரவால்ல மிஸ். அப்பாவுக்கு வேல வேணும்ல” என்றாள்.

“எது பரவால்ல? கத்தேண்டி! தட்டத் தூக்கிப் போட்டு ஒடையேன்!” என்று நான்தான் கத்தினேன். முத்தம்மாள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். வினோதினி முகம் சுளிக்கவில்லை. எழுந்து வந்து, என் மடியில் சாயவிருந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். அடங்காப்பிடாரி, வாயாடி, குழந்தையைக் கண்டால் ஆகாது என்று இந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. இல்லாததை எழுத மாட்டேன் என்ற என் கர்வம் நாசமாகப் போகட்டும்.

மறுநாள் பள்ளிக்கூடம் போய் சபாபதி சாரைப் பிடித்தேன். காலி வகுப்பில் கரும்பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “நான் போய் பேசிப் பாக்கறேம்மா” என்றார். நாலைந்து நாளில் அவர்கள் குடிபோய்விட்டார்கள், சார் சொன்னபடி பண்ருட்டிக்கே போனார். அன்று சாயங்காலம் கையில் ஒரு பலாப்பழத்தோடு திரும்பி வந்தார்.

“அவுங்க ரொம்ப மரியாதையா பேசுனாங்கம்மா. அந்தப் பொண்ணு படுத்த படுக்கையா கெடக்குது. ரெண்டு கொழந்தையும் எலிக்குஞ்சு மாதிரி இருக்குது. இதப் பாத்துட்டு நான் என்னான்னு சொல்றது?”

“வினோதினிய பாத்தீங்களா?”

“எனக்கு மோர் கொண்டாந்து குடுத்துச்சு” என்றார். அந்தப் பழத்தை இருவரும் தொடவில்லை. பள்ளியிலேயே கிடந்தது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அறிவியலில் நூற்றுக்கு நூறு, மொத்தத்தில் பள்ளி முதல். சபாபதி சார் தன் ஆயுளில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறினார். வாட்ஸ்அப் குரூப்பில் வினோதினியின் பெயரையும் மார்க்கையும் போட்டார். தம்மாமிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கட்டைவிரல்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. சில பேர், ‘இனி எங்கே சார் படிக்கப் போகிறாள்?’ என்று கேட்டிருந்தார்கள். அவர் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.

சடையப்பன் அண்ணன் சென்னைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார், போனை எடுக்கவில்லை. நான் பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். மார்க்கைப் பார்த்தால் அத்தைக்காரி மனசு மாறும், இல்லாவிட்டால் இவளுக்காவது ஒரு ரோஷம் வரும் என்று வழி முழுக்க என்னை நானே ஏமாற்றிக்கொண்டு போனேன்.

மண்டி முன்னால் லாரிகள் நின்றன. முத்தம்மாள் தராசுக்குப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, வீடு பின்னால் என்று கையைக் காட்டினார். பின்கட்டில் இரண்டு தூளிகள் தொங்கின. இரண்டுக்கும் நடுவில் வினோதினி, ஒவ்வொரு கையிலும் ஒரு கயிறு. ஆள் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது.

“சயின்ஸ்ல நூத்துக்கு நூறுடி! ஸ்கூல் பர்ஸ்ட்டு நீ!” என்று வாசலிலிருந்தே கூவினேன்.

அவள் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவா மிஸ். இப்பதான் தூங்குச்சுங்க.”

நான் கிட்டே போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவள் சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து, “நூறா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குள் ஒரு தூளி நெளிந்தது, மற்றதும் நெளிந்தது. அவள் எழுந்து குழந்தையைத் தூக்கப் போய்விட்டாள்.